தொண்டையில் மீன் முள்ளும் இல்லை, குத்தலும் போகவில்லை

கேள்வி: குளச்சலிலிருந்து எழுதுகிறேன். வயது 48. ஆறு மாதமாகத் தொண்டையின் வலது பக்கம் சாளை முள்ளு சிக்கினது போலவே ஒரு குத்தல். எச்சில் விழுங்கினாலும் தலையைத் திருப்பினாலும் காது வரை இழுக்கிறது. கேமரா விட்டுப் பார்த்தார்கள், முள் இல்லை. பல்லுக்காக எடுத்த முழுத்தாடை எக்ஸ்ரேயில், ‘ஸ்டைலாய்டு எலும்பு நீளம்: வலது 38 மி.மீ., இடது 37 மி.மீ.’ என்று வந்திருக்கிறது. ஆபரேஷன்தான் வழி என்கிறார் ஒருவர். செய்துகொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டையே இன்னொரு முறை பாருங்கள். எலும்பு இரண்டு பக்கமும் நீளம், வலி வலது பக்கம் மட்டும். அப்படியென்றால் நீளத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

ஸ்டைலாய்டு எல்லோருக்கும் உண்டு. காதுக்கு அடியில், மண்டையோட்டின் கீழ்ப்புறத்திலிருந்து ஊசி போல முன்னோக்கி இறங்கும். வழக்கமாக 25 முதல் 30 மி.மீ. சிலருக்கு எலும்பே நீண்டிருக்கும். சிலருக்கு அதன் நுனியிலிருந்து நாவடி எலும்புக்குப் போகும் நார், சுண்ணாம்பேறி எலும்பாகிவிடும். மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியும், தொண்டைக்கு உணர்ச்சி தரும் நரம்பும் பக்கத்திலேயே ஓடுகின்றன. அவற்றை இது உரசினால் நீங்கள் சொல்கிற தொல்லைகள் அத்தனையும் வரும். அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் 1937-இல் விவரித்ததால் ஈகிள் சிண்ட்ரோம் என்று பெயர். ஆனால் நீண்ட எலும்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு வலியும் இல்லாமலே இருக்கிறார்கள். போதாததற்கு, அந்த எக்ஸ்ரே எலும்பைச் சற்றுப் பெரிதாக்கியே காட்டும். சரியான அளவுக்கு முப்பரிமாண சி.டி. ஸ்கேன் வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விரல் சோதனை. காது மூக்கு தொண்டை மருத்துவர் வாய்க்குள் விரல் விட்டு டான்சில் குழியை அழுத்துவார். அங்கே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டு, “இதேதான் டாக்டர், இந்த வலிதான்” என்று நீங்கள் சொன்னால் சந்தேகம் வலுக்கிறது. அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டதும் வலி தற்காலிகமாக விட்டால் இன்னும் வலுக்கும். இரண்டும் இல்லையென்றால் கத்தி வேண்டாம்.

வெற்றிலை, புகையிலை, பீடி பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் அதை முதலில் சொல்லுங்கள். காதில் கோளாறு இல்லாமல் ஒரு பக்கக் காதுவலி நீடித்தால், நாக்கின் வேர்ப்பகுதியிலும் டான்சிலிலும் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தே தீர வேண்டும். கழுத்தில் கட்டி, எடை குறைவு, எச்சிலில் ரத்தம் இருந்தால் இந்த வாரமே போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை.

ஈகிள்தான் என்று முடிவானாலும் தொடக்கம் மாத்திரைதான்: வலி மாத்திரை, நரம்பு வலிக்கான கார்பமசெபின் அல்லது கபாபென்டின், சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி. கேட்காதபோது எலும்பைக் குறைக்கிறார்கள். வாய் வழியாகச் செய்தால் வெளியே தழும்பில்லை, ஆனால் உள்ளே பார்வை குறைவு, கிருமித்தொற்றுக்கும் வாய்ப்பு. கழுத்து வழியாகச் செய்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். தழும்பு இருக்கும், முக நரம்பில் கவனம் வேண்டும்.

அதுவரை சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுக்க விடாதீர்கள். நம் ஊரில் தடவல் வைத்தியத்துக்குக் குறைவில்லை. போனாலும் கழுத்தைத் திருக வேண்டாம் என்று ஆசானிடம் சொல்லிவிடுங்கள். நீண்ட எலும்பு தமனியின் உட்சுவரைக் கிழிப்பது அபூர்வம், ஆனாலும் நடந்திருக்கிறது. தலையைத் திருப்பும்போது கண் இருட்டினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள்.