படம் வரைந்து பிழைக்க முடியுமா? ஓவியர்களின் வேலையும் வருமானமும்

"மகள் நுண்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். இன்றைக்கு ஓவியர்களும் சிற்பிகளும் நிஜத்தில் எப்படித்தான் பிழைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கும்பகோணம் நுண்கலைக் கல்லூரியில் படித்தவன். பகலில் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை, மாலையிலும் விடுமுறையிலும் சொந்தப் படங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

படம் விற்ற காசில் மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர். கேலரி வழியாக விற்றால் விலையில் பாதிவரை கேலரிக்குப் போய்விடும். மீதியில் கான்வாஸ், பெயின்ட், ஃபிரேம், வண்டி வாடகை எல்லாம் கழிய வேண்டும். ஒரு படம் விற்று அடுத்தது விற்க ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். அதுவரை வீட்டில் அடுப்பு எதை நம்பி எரிவது? இந்தக் கேள்விக்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்கள்தான் இந்தத் துறையில் கடைசிவரை நிற்கிறார்கள். எந்த வழியைப் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் எதைச் செய்ய முடிகிறது என்பதும் அமைகிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-இல் அதைத் தொடங்கினார். நன்றாகப் படித்து வெளியே வந்த பிள்ளைகள் விளம்பரக் கம்பெனி, துணி டிசைன் என்று போய், வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்ற கவலை அவருக்கு. அந்தக் காலத்துச் சென்னையில் நவீன ஓவியத்தை வாங்குவாரும் இல்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து பாத்திக் துணி செய்தார்கள். மெழுகு தடவி, சாயம் தோய்த்து எடுக்கும் அந்தத் துணிகள் நன்றாக விற்றன. கைவினைப் பொருள் விற்ற பணத்திலிருந்துதான் கடலோரத்தில் நிலமே வாங்கினார்கள். பிறகு தோல், மரம், உலோகம், பீங்கான் என்று கைவேலை விரிந்தது. நாளில் கொஞ்ச நேரம் கைவினை, மற்ற நேரம் சொந்த ஓவியம், சிற்பம். படத்தை வாங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, சோற்றுக்குக் கவலை இல்லை. வாங்குபவரின் வரவேற்பறைக்கு ஏற்றபடி வரைய வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை.

இதை வெறும் பிழைப்பு ஏற்பாடாக நான் பார்க்கவில்லை. அங்கே இருந்த எஸ்.ஜி. வாசுதேவின் செப்புப் புடைப்புச் சிற்பங்களையும், பணிக்கரின் மகன் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களையும் பாருங்கள். தகட்டைத் தட்டி வளைத்துப் பற்றவைக்கும் கைவேலை அவர்களுடைய கலைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. வயிற்றுக்காகச் செய்த வேலை கலைக்கும் உரமாயிற்று. மகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். 2009-இல் திறந்த அருங்காட்சியகமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

கலைக்கான பணத்தைத் தாங்களே சம்பாதிப்பதை மிகப் பெரிய அளவில் செய்தவர்கள் கிறிஸ்டோவும் அவர் மனைவி ஜீன்-கிளாடும். கட்டடங்களைத் துணியால் போர்த்திய தம்பதி. பெர்லினில் உள்ள ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தைப் போர்த்த வேண்டும் என்று 1971-இல் நினைத்தார்கள். 1977, 1981, 1987 என மூன்று முறை அனுமதி மறுக்கப்பட்டது. அசரவில்லை. ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பேசினார்கள். கடைசியில் 1994 பிப்ரவரியில் நாடாளுமன்றமே இதை விவாதித்து வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு 292, எதிர்ப்பு 223. அடுத்த ஆண்டு ஜூனில் 90 மலையேற்ற வீரர்கள் கயிற்றில் தொங்கி, ஒரு லட்சம் சதுர மீட்டர் துணியைக் கட்டடத்தின் மேல் இறக்கினார்கள். இரண்டே வாரம். ஐம்பது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் பணம்? அரசு மானியம் கிடையாது, விளம்பரதாரர் கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் கிறிஸ்டோ தன் கையால் வரைந்த முன்வரைவுகள், ஒட்டுப்படங்கள், சிறு மாதிரிகள் இவற்றை விற்றுத்தான் செலவு செய்தார்கள். திட்டம் முடிந்துவிட்டால் அதைப் பற்றி ஒரு படம்கூட வரையமாட்டார் என்பதும் அவர்கள் வைத்திருந்த விதி. விற்பனை, பேச்சுவார்த்தை, கணக்கு வழக்கு என்று பெரும்பாலான பாரத்தைச் சுமந்தவர் ஜீன்-கிளாட். ஆனால் பல காலம் கிறிஸ்டோவின் பெயர் மட்டுமே வெளியே தெரிந்தது. 1994-இல்தான் வெளிப்புறப் படைப்புகள் அனைத்துக்கும், பழையவற்றுக்கும் சேர்த்து, இருவர் பெயரையும் போட்டார்கள். உங்களுக்கு மகள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கடிதம் எழுதுவதும் அனுமதி வாங்குவதும் பணம் புரட்டுவதும் கலைவேலைதான். அதைச் செய்பவருக்கும் கலைஞர் என்றுதான் பெயர்.

சொந்தப் பணம் என்பதால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ஓர் ஆற்றின் மேல் துணி விரிக்கும் திட்டத்துக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, வழக்கெல்லாம் நடத்தி, ஒன்றரைக் கோடி டாலர் செலவழித்த பிறகு, 2017 ஜனவரியில் கிறிஸ்டோ அதைக் கைவிட்டார். அது மத்திய அரசின் நிலம். ட்ரம்ப் அதிபராக இருக்கும் அரசின் நிலத்தில் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. வேறொருவர் பணத்தில் செய்திருந்தால் இப்படி எழுந்து வர முடிந்திருக்குமா?

என் மனசுக்கு மிக நெருக்கமானவர் கானாவில் பிறந்த சிற்பி எல் அனாட்சுய். 1975 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். மதுப் புட்டிகளின் அலுமினிய மூடிகளைத் தட்டி, மடித்து, செப்புக் கம்பியால் ஆயிரக்கணக்கில் கோத்துச் சுவர் அளவு திரைகளாக்குகிறார். உள்ளூர் உதவியாளர்கள் பலர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. உலகம் அவரைப் பெரிதாகத் திரும்பிப் பார்த்தது, இத்தாலியின் வெனிஸ் நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயில், 2007-இல். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். 2015-இல் அங்கேயே வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது. உலகம் திரும்பிப் பார்க்கும்வரை வாத்தியார் சம்பளம்தான் கைகொடுத்தது. பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து தூரிகையை எடுக்கும்போது நான் இவரை நினைத்துக்கொள்வதுண்டு.

ஆகவே, தாராளமாகச் சேருங்கள். கூடவே அச்சு, பீங்கான், போட்டோ, பாடம் நடத்துவது என்று கையில் இன்னொரு தொழிலையும் முதல் ஆண்டிலிருந்தே பழகச் சொல்லுங்கள். அது அவள் கலைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்துக்கொண்டால் போதும். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் போகட்டும், அங்கே வரும் ஓவியர்களிடம் கூச்சப்படாமல் பேசட்டும். தன் வேலையைப் பற்றி ஒரு பக்கம் தெளிவாக எழுதப் பழகட்டும். எந்த உதவித்தொகைக்கும் ஓவிய முகாமுக்கும் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு நோட்டுப் போட்டு, செய்யும் ஒவ்வொரு படைப்பின் அளவு, ஊடகம் (எந்த வண்ணம், எந்தப் பொருள்), ஆண்டு, யாரிடம் எவ்வளவுக்குப் போனது என்று எழுதிவைக்கட்டும். படத்தைக் கையைவிட்டு அனுப்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் நல்லதாக ஒரு போட்டோ எடுத்துவிடச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது அவள் பழைய வேலைகளைக் கேட்டால், காட்ட அதுதான் இருக்கும்.