எதுவரைக்கும்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சபையில் எல்லாரும் "கர்த்தருக்குக் காத்திரு" என்கிறார்கள். இப்போது எனக்குச் சிங்கப்பூரில் நல்ல சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. உபவாசித்து ஜெபித்தேன், பதில் இல்லை. என் பாவம் ஏதாவது தடையாக இருக்கிறதோ என்று பயம். புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஏசாயா 40:31 வந்தது: "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து..." போகாமல் காத்திரு என்பதுதான் இதன் அர்த்தமா?

– ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள தம்பி,

போன ஞாயிறு இங்கே பினாங்கில், எங்கள் சபையின் சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து, காத்திருந்தேன், வீடு கிடைத்தது என்றார். எல்லாரும் கை தட்டினோம். எனக்குப் பக்கத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது.

பாவம்தான் தடையா என்பதற்கு யோவான் 9ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொள். பிறவிக் குருடன் ஒருவன் அப்படிப் பிறந்தது யார் செய்த பாவம் என்று கேட்டவர்களுக்கு, அவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை என்கிறார் இயேசு. உபவாசத்தை முடித்துவிட்டு வயிறாரச் சாப்பிடு. நோயாளியைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்க உடம்பில் தெம்பு வேண்டும்.

அந்த அட்டையை முதலில் கீழே வை. பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம், சொல்லேன். அந்த வசனம், கடவுள் எங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று புலம்பிய ஒரு ஜனத்துக்குச் சொன்னது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதமும் இருக்கிறது, 29ஆம் அதிகாரத்தில். ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். அதைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் உயிரோடு ஊர் திரும்பியிருக்க முடியும்? ஆனாலும் வீடு கட்டினார்கள்.

என் பாட்டி நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர். 1943இல் தாத்தாவை ஜப்பான்காரன் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனான். சில மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அந்த அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. தாத்தா வரவில்லை. எங்கே செத்தார், யார் புதைத்தார்கள், ஒன்றும் தெரியாது.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த 13ஆம் சங்கீதத்தை ஒவ்வொரு ராத்திரியும் சத்தமாகச் சொல்வார்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" கெஞ்சலாக இருக்காது, சண்டைதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நாலு வீடு தள்ளிக் கேட்கும். இப்படிக் கேட்பது அவிசுவாசம் என்று உபதேசியார் ஒருநாள் வந்து கண்டித்தாராம். "வேதத்தில் இருக்கிறதைத்தானே சொல்கிறேன், வேண்டாமென்றால் நீங்கள் கிழித்துப் போடுங்கள்" என்றாராம் பாட்டி.

விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார். போர் முடிந்து, பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கால் புண்ணும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தார். தன் புருஷன் வராத அதே பாதையில் வந்தவருக்குப் பாட்டிதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, புண்ணைக் கழுவிவிட்டார். அந்த மாதங்களிலும் ராத்திரிச் சண்டை நின்றதில்லை. கடவுளை விட்டு ஒரு அடி விலகாமல், அவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டே, அன்றைக்குள்ள வேலையை அன்றன்றைக்குச் செய்தார். கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். கேட்ட பொருள் வரும்வரை வரிசையில் நிற்கும் காரியமாக அதை நாம் ஆக்கி வைத்திருக்கிறோம்.

அந்தப் பாட்டியைச் சாட்சி சொல்ல ஒருவரும் கூப்பிட்டதில்லை, தம்பி. கடைசிவரை கூப்பிடவில்லை. கிடைத்தவர்களுக்குத்தான் மைக். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை வாசி. விசுவாச வீரர்கள் என்று பேர் பேராகச் சொல்லிவிட்டு, 39ஆம் வசனத்தில் இவர்களெல்லாரும் "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்" என்று எழுதியிருக்கிறது. அந்த வசனத்தை யாராவது அட்டையில் அச்சடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்களா? அடையாமல் போனவர்களை விசுவாசத்துக்கு மாதிரியாக வேதம் காட்டுகிறது. நாம் அவர்களைப் பின் பெஞ்சில் உட்கார வைத்து, இன்னும் கொஞ்சம் ஜெபியுங்கள் என்கிறோம். உன் சபையாரும் "காத்திரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார்களே, அவர்களில் ஒருவராவது ஒரு ராத்திரி வந்து உன் அப்பா பக்கத்தில் இருந்தாரா? இல்லையென்றால் அந்தச் சொல்லை உன்னிடம் சொல்ல அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அடுத்த முறை யாராவது சொன்னால், "சரி, சனிக்கிழமை ராத்திரி வருகிறீர்களா?" என்று கேள். வெட்கப்படாமல் கேள்.

சிங்கப்பூர் விஷயத்தை வசனத்தில் தேடாதே. உன் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. நீ போனால் அப்பாவைக் குளிப்பாட்டுவது யார், நீ அனுப்பும் பணத்தில் ஆள் வைக்க முடியுமா, இதையெல்லாம் அம்மாவோடு உட்கார்ந்து பேசு. அப்பா படுத்திருக்கிற அறையிலேயே வைத்துப் பேசு. பேச்சு குழறினாலும் நீங்கள் சொல்வது அவருக்குப் புரியலாம். முடிவில் அவருக்கும் பங்கு உண்டு.

அன்புடன்,
அக்கா