லண்டனில் இந்தியச் சாப்பாடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனிலுள்ள இந்தியக் கறி உணவகங்களைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வாசகர்கள் பலர் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். விரைவில் அங்கே பயணம் செய்பவர்களுக்கும், அங்கேயே வசிப்பவர்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நானும் என் கணவரும் அங்கே செல்கிறோம். நவீன இந்திய உணவகம் ஒன்றில் எங்களுக்காக மேசை பதிவு செய்திருப்பதாகச் சொல்கிறான். தினமும் வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற நாங்கள் அவ்வளவு தூரம் போய், அவ்வளவு பணம் கொடுத்து, அதையே சாப்பிட வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கட்டாயம் போய் வாருங்கள், அம்மா. ஆனால் வீட்டில் சாப்பிடுவதையே அங்கும் சாப்பிடப் போகிறோம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். லண்டனில் இன்று பேசப்படும் இந்திய உணவகங்கள் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. 2001-ஆம் ஆண்டில் டாமரிண்ட் உணவகத்தின் அதுல் கோச்சரும், ஸைக்கா உணவகத்தின் வினீத் பாட்டியாவும், சிறந்த உணவகங்களுக்கு மிச்செலின் வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரத்தைப் பெற்றார்கள். இந்தியச் சமையல்காரர்களுக்கு அந்த மதிப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. இருவருமே இந்தியாவில் ஓபராய் விடுதிகளின் சமையலறைகளில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் ‘இந்திய உணவு’ என்ற பொதுப் பெயரோடு நின்றுவிடாமல், குறிப்பிட்ட ஒரு நிலப்பகுதியின் சமையலையோ குறிப்பிட்ட ஒரு வகைக் கடையின் சமையலையோ எடுத்துக்கொண்டு அதில் ஆழமாக இறங்கினார்கள். குயிலான் உணவகம் கேரளம் உள்ளிட்ட தென்மேற்குக் கடற்கரையை எடுத்துக்கொண்டது. 2010-இல் தொடங்கிய டிஷூம் ஈரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் பழைய பம்பாயில் நடத்திய இரானிக் கடைகளை எடுத்துக்கொண்டது. 2015-இல் சோஹோ பகுதியில் திறந்த ஹாப்பர்ஸ், ஆப்பத்தையும் கொத்து ரொட்டியையும் மாட்டெலும்பு மஜ்ஜை வறுவலையும் லண்டன்காரர்கள் வரிசையில் நின்று சாப்பிடும் நிலைக்குக் கொண்டுவந்தது. ஜிம்கானாவில் மான் இறைச்சியில் பிரியாணி செய்கிறார்கள். நம் ஊரில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. அங்கே காட்டு மான் சட்டப்படி கடையில் விற்கப்படும் இறைச்சி.

எனவே உங்கள் வீட்டுக் குழம்போடு ஒப்பிடுவதற்காகப் போகாதீர்கள். உங்களுக்கு அறிமுகமில்லாத ஓர் ஊரின் சமையலைத் தெரிந்துகொள்ளப் போங்கள். அங்கே நீங்கள் செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனை உண்டு. மேசைக்கு இரண்டு மூன்று கறிகள் வந்ததும் உடனே ரொட்டியைப் பிய்க்காமல், ஒவ்வொன்றிலிருந்தும் அரைக் கரண்டிச் சாற்றை மட்டும் தனியாக எடுத்துச் சுவையுங்கள். ஒன்றில் புளி முன்னால் வந்து தேங்காய்ப்பால் பின்னால் தங்க வேண்டும். மற்றொன்றில் வதங்கிய வெங்காயத்தின் இனிப்பும் வறுத்த மல்லியின் மணமும் தெரிய வேண்டும். இன்னொன்றில் தயிரும் ஏலமும் மட்டுமே நாவில் நிற்க வேண்டும். இப்படி ஒவ்வொரு சாறும் தனக்கென ஒரு முகத்தோடு இருந்தால் அந்தச் சமையலறையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டிச் சமைத்திருக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் கொடுக்கும் விலை நியாயமானதுதான். தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், மேலே எந்தப் பூவைத் தூவியிருந்தாலும், மூன்றும் ஒரே ருசியில் இருந்தால் அந்த விலைக்கு அங்கே எந்த நியாயமும் இல்லை.

கேள்வி: பிரிட்டனின் சாதாரணக் கறிக் கடைகளில் எல்லாக் கறியும் ஒரே அண்டாவிலிருந்துதான் வருகிறது என்கிறார் என் நண்பர். உண்மையா? உண்மையென்றால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது ஆகாதா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மைதான், ஆனால் அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘இந்தியன் ரெஸ்டாரன்ட்’ என்று பலகை மாட்டிய அந்தக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள் நடத்துபவை. பிரிட்டிஷ் கப்பல்களின் இயந்திர அறைகளில் வேலை பார்த்து, துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டவர்கள் இவர்களின் முன்னோடிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிறிய சிற்றுண்டிக் கடைகளை எடுத்து, மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்றுக்கொண்டே ஓரமாகக் கறியும் விற்றார்கள். மதுக்கடைகள் மூடிய பின் இரவில் பசியோடு வரும் கூட்டத்துக்கு, குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு, பல வகைக் கறிகளைச் சில நிமிடங்களில் கொடுத்தாக வேண்டும். அந்த நெருக்கடியிலிருந்து பிறந்த வழிதான் நீங்கள் கேட்கும் பொதுச் சாறு.

காலையில் பெரிய அண்டாவில் ஏராளமான வெங்காயத்தை இஞ்சி, பூண்டு, தக்காளி, மஞ்சள், எண்ணெய் சேர்த்துக் குழைய வேகவைத்து, வழுவழுப்பாக அரைத்து வைத்துவிடுவார்கள். அதில் காரமும் இருக்காது, தனி மணமும் இருக்காது. கோழியும் ஆட்டிறைச்சியும் முன்பே வேகவைத்துத் தயாராக இருக்கும். வாடிக்கையாளர் சொன்னதும், தகிக்கும் அடுப்பில் ஓர் அலுமினியச் சட்டியை வைத்து எண்ணெய் விட்டு, இஞ்சி பூண்டு விழுது, மசாலாத் தூள், நீர்த்த தக்காளி விழுது என்று வரிசையாகச் சேர்த்து, மேலே ஒரு கரண்டிச் சாற்றை ஊற்றுவார்கள். சாறு கொதித்துச் சட்டியின் ஓரங்களில் ஒட்டிக் கருகத் தொடங்கும் கணத்தில் அதைச் சுரண்டி உள்ளே தள்ளிவிட்டு அடுத்த கரண்டியை ஊற்றுவார்கள். அந்தக் கடைகளின் கறிக்கே உரிய, புகை கலந்த லேசான இனிப்பு இந்தச் சுரண்டலிலிருந்துதான் வருகிறது. ஒரு நொடி தவறினாலும் கசந்துவிடும். பிறகு பருப்பைச் சேர்த்தால் தான்சாக், பச்சைமிளகாயும் குடைமிளகாயும் சேர்த்தால் ஜல்ஃப்ரேஸி, தேங்காய்த் தூளும் பாலாடையும் சர்க்கரையும் சேர்த்தால் கோர்மா.

2001-இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று ஓர் உரையில் குறிப்பிட்டார். அந்தப் பெருமையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் நட்சத்திர உணவகத்தார் அல்லர். இந்தச் சட்டிகளின் முன் நள்ளிரவு வரை வியர்வை சிந்தி நின்றவர்கள். புதிய உணவகங்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதற்காகப் பழைய கடைகளை இழிவாகப் பேசுவதை ஏற்க மாட்டேன்.

கேள்வி: அங்கே எல்லாக் கடைகளிலும் ‘மெட்ராஸ்’ என்று ஒரு கறி இருக்கிறதாம். அதற்கும் நம் சென்னைக்கும் என்ன உறவு?
– வாசகர், சென்னை

பதில்: சமையல் முறையில் உறவு எதுவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து ‘மெட்ராஸ் கறிப்பொடி’ என்ற பெயர் பிரிட்டிஷ் கடைகளில் பழகிப்போயிருந்தது. கறிக் கடைகள் அந்தப் பெயரைக் காரத்தின் அளவைக் குறிக்க எடுத்துக்கொண்டன: கோர்மா என்றால் காரமில்லை, மெட்ராஸ் என்றால் நல்ல காரம், விண்டாலூ என்றால் அதற்கும் மேல். மேலே சொன்ன பொதுச் சாற்றில் மிளகாய்த் தூளையும் தக்காளியையும் கூட்டி, சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மெட்ராஸ் கறி தயார். கறிவேப்பிலையோ புளியோ நல்லெண்ணெயோ பெரும்பாலும் அதன் பக்கமே வராது. விண்டாலூவுக்கும் இதே கதிதான். கோவாவில் அது பன்றி இறைச்சியைப் பூண்டிலும் காடியிலும் ஊறவைத்துச் செய்யும் மணமான உணவு. பிரிட்டிஷ் கறிக் கடையில் அது துணிச்சலைச் சோதிக்கும் காரமாகச் சுருங்கி, உருளைக்கிழங்கும் அதில் சேர்ந்துகொண்டது. நவீன உணவகங்களின் பட்டியலில் இப்படிப்பட்ட காரப் படிநிலைப் பெயர்கள் அருகிப்போய், செட்டிநாடு, மலபார், அவத் என்று ஊர்ப் பெயர்கள் வந்திருப்பதை நான் மிக நல்ல மாற்றமாகக் கருதுகிறேன்.

கேள்வி: லண்டனில் ‘வீராசாமி’ என்று ஓர் உணவகம் இருந்ததாகப் படித்தேன். தொடங்கியவர் தமிழரா?
– வாசகர், சேலம்

பதில்: பெயர் நம் பெயர்தான், தொடங்கியவர் தமிழர் அல்லர். 1926-இல் ரீஜென்ட் தெருவில் அதைத் தொடங்கியவர் எட்வர்ட் பாமர். ஆங்கிலத் தளபதி ஒருவருக்கும் முகலாய அரச குடும்பப் பெண்மணிக்கும் பிறந்த வழியில் வந்தவர். 1924-இல் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் இந்திய உணவுக்கூடத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் லண்டனின் முதல் இந்திய உணவகம் இது அன்று. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 1810-லேயே ஜார்ஜ் தெருவில் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸைத் திறந்து, இரண்டே ஆண்டுகளில் கடனில் மூழ்கினார்.

கேள்வி: பெரிய உணவகத்தில் கையால் சாப்பிட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு உணவு வரவழைப்பது என்றும் தெரியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: கையால் சாப்பிடுங்கள். நான் ரொட்டியையும் ஆப்பத்தையும் முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுவதுதான் பார்க்கச் சங்கடமானது. பக்கத்து மேசையிலிருக்கும் ஆங்கிலேயரும் ரொட்டியைக் கையால்தான் பிய்த்துக்கொண்டிருப்பார். சோற்றையும் பிசைந்து சாப்பிடலாம். எந்த நல்ல உணவகமும் முகம் சுளிக்காது.

வரவழைப்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். இலை போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பரிமாறுவது நம் வழக்கம். சாம்பாருக்கும் பொரியலுக்கும் தனித்தனியாக விலை கேட்க நமக்குப் பழக்கமில்லை. அங்கே சோறு, ரொட்டி, பருப்பு, ஊறுகாய் எல்லாவற்றுக்கும் தனி விலை உண்டு. கேட்காமலேயே மேசையில் வைக்கப்படும் அப்பளமும் மாங்காய்ச் சட்னியும்கூடப் பழைய கடைகளில் பல நேரம் கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் வைக்கும்போதே சொல்லிவிடலாம். நான்கு பேர் சென்றால் தொடக்க உணவு இரண்டோ மூன்றோ, பிறகு கறி மூன்று, பருப்பு ஒன்று, சோறும் ரொட்டியும் என்று வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். பருப்பைத் தவிர்க்க வேண்டாம். டிஷூமில் கறுப்பு உளுந்துப் பருப்பை 24 மணி நேரம் சிறு தீயில் வைத்துச் சமைக்கிறார்கள். விலை உயர்ந்த இறைச்சிக் கறிகளை விட அதில் அதிக உழைப்பு இருக்கிறது. சமையல்காரரே தேர்ந்து வரிசையாக அனுப்பும் சிறுசிறு உணவுகளைக் கொண்ட விருந்துப் பட்டியலை எடுத்தால், மேசையிலுள்ள அனைவரும் அதையே எடுக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. பெரியவர்கள் உடன் வந்தால், அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு முந்திரியும் வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாது. இங்குள்ள இந்திய உணவகங்களுக்கு அழைத்துச் செல்லவே பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, நம் சமையலில் முந்திரி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். வெள்ளைக் குருமா, வெண்ணெய்க் கோழி, மலாய் கோஃப்தா என்று சாறு வெளிறிய நிறத்தில் கெட்டியாக இருந்தாலே முந்திரி அல்லது பாதாம் விழுது இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எவை எந்த உணவில் இருக்கின்றன என்ற தகவலைத் தர வேண்டியது பிரிட்டனில் 2014 இறுதியிலிருந்து உணவகங்களின் சட்டப்படியான கடமை. வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், எள் ஆகியவற்றோடு கடுகும் அந்தப் பட்டியலில் உண்டு, தேங்காய் இல்லை. கோதுமை ஒவ்வாதவர்கள் பெருங்காயத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்.

பாதாம் தூளுக்குப் பதிலாக விலை குறைந்த வேர்க்கடலைத் தூளைப் பயன்படுத்தியதால் வாடிக்கையாளர் ஒருவர் 2014-இல் உயிரிழந்தார். வட இங்கிலாந்தைச் சேர்ந்த அந்த உணவகத்தின் உரிமையாளருக்கு 2016-இல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. ஆகவே பரிமாறுபவர் சிரித்த முகத்தோடு “ஒன்றும் ஆகாது” என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். மேசை பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், அமர்ந்ததும் மீண்டும் சொல்லுங்கள், எழுத்து வடிவிலுள்ள ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு சாற்றையும் தனியாகக் கூட்டும் சமையலறை என்றால், எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல அவர்களால் முடியும். தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி: பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்து வந்தால் கொடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: லண்டனில் பெரும்பாலும் 12.5 விழுக்காடு சேர்த்திருப்பார்கள். விருப்பத்துக்குரியது என்று பில்லில் குறிப்பிட்டிருந்தால் நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அந்தத் தொகையை முதலாளி எடுத்துக்கொள்ள முடியாது. முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும். பரிமாறியதில் குறை இல்லையென்றால் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்கு மேல் தனியாக எதுவும் வைக்கத் தேவையில்லை.