10 மடங்கு பைனாகுலரில் எதிர்மலை நடுங்குகிறது: குறைந்த செலவில் ட்ரைபொட் அமைக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். 10×42 (10 மடங்கு, 42 மில்லிமீற்றர் முன்வில்லை) பைனாகுலர் ஒன்று வாங்கினேன். எதிர்மலையைப் பார்த்தால் எல்லாம் நடுங்குகிறது. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் ட்ரைபொட்டில் பூட்டிப் பார்ப்பதை வீடியோவில் கண்டேன். கட்டுப்படியாகும் செலவில் அப்படி ஒன்று அமைக்க முடியுமா?"

முடியும். நல்ல ட்ரைபொட்டின் விலையைப் பார்த்து மலைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். அந்த விலையில் பெரும்பங்கு உயரத்துக்குப் போகிறது. நின்றபடி பார்க்க ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டும். அந்த உயரத்தில் ஆடாமல் நிற்கும் கால்தான் விலை கூடியது. அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். வேட்டைக்காரர் பெரும்பாலும் நிலத்தில் உட்கார்ந்திருப்பார். தரையில் உட்கார்ந்தால் கண் 75, 80 சென்றிமீற்றர் உயரத்துக்குத்தான் வரும். அதில் ட்ரைபொட்டின் தலையும் (காலுக்கு மேலே திரும்பும் பகுதி) பைனாகுலர் பிடியும் 20 சென்றிமீற்றரைத் தின்றுவிடும். மிச்சம் 55, 60 மட்டும். மூன்றடுக்குக் கால் கொண்ட மலிவு ட்ரைபொட்டில் தடித்த மேல்குழாயும் நடுக்குழாயில் கொஞ்சமும் இழுத்தாலே அது சரியாகிவிடும். விரல் தடிமன்கூட இல்லாத அடிக்குழாய் உள்ளேயே கிடக்கட்டும். ஆட்டம் வருவதே அதில்தான்.

வேட்டை என்ற சொல்லைக் கண்டதும் கீழே சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: கேட்டவர் பார்க்கத்தான் வழி கேட்கிறார். மரையையும் சிறுத்தையையும் சுடுவது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே துப்பாக்கி தாங்கும் ட்ரைபொட் பற்றி இங்கே ஒரு வரியும் கிடையாது. உட்கார்ந்து மலையைத் துழாவும் வித்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ட்ரைபொட்டைப் பழையதாகத் தேடுங்கள். கல்யாண வீடியோ எடுத்த பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் கைப்பிடி வைத்த தலையோடு கனமான உலோக ட்ரைபொட் மூலையில் கிடக்கலாம். அது கிடைத்தால் புதிதாகப் பளபளக்கும் பிளாஸ்டிக் எதையும் பார்க்க வேண்டாம். கனம் இங்கே குறையல்ல, சுமக்கிற தோளுக்குத்தான் கஷ்டம். வாங்குமுன் உட்காரும் உயரத்துக்கு விரித்து, எல்லாவற்றையும் பூட்டி, மேல்தட்டைப் பிடித்து இடம் வலமாக முறுக்கிப் பாருங்கள். அமுக்கிப் பார்ப்பது போதாது, முறுக்க வேண்டும். கால் அசையாமல் தட்டு மட்டும் திரும்பினால் கோளாறு நடுவே ஏறி இறங்கும் நடுத்தண்டிலோ தலையிலோ இருக்கிறது. நடுத்தண்டின் பிடிவளையம் தளர்வு என்றால் தண்டில் மெல்லிய டேப் ஒரு சுற்றுச் சுற்றினால் இறுகிவிடும். கால் மேலே சேரும் இடத்தில் ரிவிட் தேய்ந்திருந்தால் அதைத் துளைத்து எடுத்துவிட்டு, துவாரத்துக்குச் சரியான போல்ட்டை இரண்டு பக்கமும் வாஷர் வைத்து, நைலோன் வளையம் உள்ள நட்டால் பூட்டுங்கள். சாதாரண நட் கால் மடக்க மடக்கக் கழன்று வரும். நடுத்தண்டை மேலே தூக்கவே வேண்டாம். தூக்கினால் மூன்று கால் மேசையில் ஒற்றைக் கம்பை நட்ட கதைதான். உயரம் போதாவிட்டால் காலை இழுங்கள்.

தலை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பந்துத்தலை கமராவுக்குச் சரி. பைனாகுலரை வைத்துத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் கவிழும். இடம் வலம் ஒரு பூட்டு, மேல் கீழ் ஒரு பூட்டு, ஒரு நீளக் கைப்பிடி என்று இருக்கும் வீடியோத் தலைதான் மலை துழாவ ஏற்றது. இரண்டு பூட்டையும் பாதி இறுக்கினால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். தலை கரகரத்தால் கெட்டியான கிறீஸ் தடவுங்கள். தேங்காயெண்ணெய் விடாதீர்கள். அது 24 பாகைக்குக் கீழே உறைகிற சாமான். நுவரெலியாவின் விடியற்காலையில் தலை கட்டையாகிவிடும்.

இனி பைனாகுலரை எப்படிப் பூட்டுவது? இரண்டு குழாய்க்கும் நடுவே, கீல்தண்டின் முன்நுனியில் வட்ட மூடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இடப்பக்கமாகத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் உள்ளே காலங்குலப் புரி இருக்கும். கடையில் "கால் இஞ்சி, இருபது புரி" என்று சொல்லியே கேளுங்கள். ஆறு மில்லி போல்ட் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்றுப் போகவும் செய்யும். அதன் புரி இடைவெளி 1 மில்லிமீற்றர், காலங்குலத்துக்கு 1.27. பலவந்தமாக இறுக்கினால் பைனாகுலரின் புரிதான் அழியும், அதற்குப் பிறகு மருந்து இல்லை. போல்ட்டின் நீளத்தையும் ஊகிக்க வேண்டாம். துவாரத்துக்குள் தீக்குச்சியை விட்டு ஆழத்தைக் குறித்து, அதைவிட ஒரு மில்லிமீற்றர் குறைவாகவே போல்ட் உள்ளே போகும்படி வெட்டுங்கள்.

பிடியைக் கடையில் வாங்கலாம், லேத் பட்டறையிலும் செய்விக்கலாம். 20 மில்லிமீற்றர் அகலம், 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புப் பட்டையை எடுத்து, நிமிர்ந்த பக்கம் 10 சென்றிமீற்றரும் படுக்கும் பக்கம் 5 சென்றிமீற்றரும் வருமாறு வளைக்கச் சொல்லுங்கள். அலுமினியப் பட்டையை இப்படிச் செங்கோணமாக வளைத்தால் மடிப்பில் வெடிக்கும். அகலத்தைக் கூட்டவும் வேண்டாம்: கண் இடைவெளிக்கு மடக்கும்போது குழாய்கள் பட்டையில் முட்டி, இரண்டு வட்டமும் ஒன்றாகச் சேராது. நிமிர்ந்த பக்கத்தில் 6.5 மில்லிமீற்றர் துளை போதும். படுக்கும் பக்கத்தில் 5.1 மில்லிமீற்றர் துளையிட்டு, காலங்குல டெப்பால் (புரி வெட்டும் கருவி) புரி போட்டால் ட்ரைபொட் தட்டு நேரே அதில் ஏறும். படுக்கும் பக்கம் பைனாகுலருக்கு அடியில், உங்களை நோக்கித் திரும்பி இருக்கட்டும். வெளிப்பக்கம் திருப்பினால் பாரம் முழுவதும் பின்னால் தொங்கி, தலை மெல்ல மெல்ல வானத்தைப் பார்க்கத் தொடங்கும். இரும்பும் தட்டும் சேரும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று வைத்தால் வழுக்காது. ஒரு துண்டுதான், இரண்டு மூன்று அடுக்கினால் அதுவே ஸ்பிரிங் போல ஆடும்.

முன்மூடியே இல்லாத பைனாகுலரா? 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் உள்ளங்கை அளவு பலகை வெட்டி, அடியில் காலங்குல நட்டைப் பதித்து, மேலே பைனாகுலரைக் கிடத்தி டியூப் பட்டியால் கட்டுங்கள். போகஸ் சக்கரத்தைக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காது. வேலை செய்யும்.

அதற்கும் காசு இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த மூங்கில் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு மீற்றர். நுனியிலிருந்து 12 சென்றிமீற்றர் கீழே டியூப்பால் கட்டி விரித்தால் மேலே ஒரு கவை விழும், பைனாகுலரை அதில் சாய்த்துப் பார்க்கலாம். பச்சை மூங்கில் காயும்போது பிளந்து கட்டுத் தளர்ந்துவிடும். ட்ரைபொட்டில் பாதி உறுதிதான் கிடைக்கும், ஆனாலும் வெறுங்கையைவிட எவ்வளவோ மேல்.

சரிவில் வைக்கும் விதத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். இரண்டு கால் பள்ளப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தால் அந்த ஒற்றைக் கால் உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவே வரும். மாற்றி வைத்தால் கைப்பிடியைத் தள்ளும்போதே முன்பக்கம் குடைசாயும். கான் (வடிகால்) ஓரத்து மண் இளகும், அதில் கால் ஊன்ற வேண்டாம். காற்று அடித்தால் நடுத்தண்டின் கொக்கியில் இரண்டு கிலோ கல் போட்ட பையைத் தொங்கவிடலாம், ஆனால் பையின் அடி நிலத்தில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் ஊஞ்சலாடும் பை நடுக்கத்தைக் கூட்டும். கீழே விரிக்க, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கு ஒன்று போதும், ஈரம் ஏறாது. அட்டை ஏறும், அதற்கு நான் பொறுப்பில்லை.

பார்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 10×42 பலவற்றில் 1000 மீற்றர் தூரத்தில் சுமார் 110 மீற்றர் அகலம் தெரியும். ஒரு வட்டத்தைப் பூட்டிவிட்டுக் கையை எடுங்கள். கண்ணை மட்டும் ஓடவிட்டு, பிறகு பாதி வட்டம் நகர்த்துங்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையும் காடும் சேரும் ஓரம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். கேளையாடு அங்கேதான் காலையில் வெளியே வரும். மேற்குச் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை விடியல் தெளிவாக இருக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் என்றால் ஒன்பது, பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், பிறகு மூடுபனி வந்து எல்லாவற்றையும் போர்த்திவிடும். அங்கே பாதையை விட்டு இறங்கி ட்ரைபொட் நடவும் கூடாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டத்து ரோட்டில் ட்ரைபொட் விரித்தால் குருவி பார்க்க வந்த துரை. நம்ம பொடியன் அதே இடத்தில் விரித்தால் "என்ன அளக்கிறாய், யார் அனுப்பினது?" என்று விசாரணை. கம்பிச் சுருக்கு வைக்கிறவனை யாரும் இப்படி மறித்துக் கேட்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டிச் சில நாளில் செத்தது ஊருக்கே தெரியும். ஆகவே உட்காரப் போகும் மலை எது என்று முதல்நாளே தோட்டத்தில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

"8 மடங்கு வாங்கியிருந்தால் ட்ரைபொட்டே தேவையில்லையே" என்று யாராவது எழுதுவார்கள். பாதி உண்மை. 8×42 கையில் குறைவாக நடுங்கும், விடியல் இருட்டிலும் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் அதையும் ஒருமுறை ட்ரைபொட்டில் பூட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கால்களை முழுதாக இழுத்து, தலைகீழாக ஓர் இரவு வையுங்கள். குழாய்க்குள் போன தண்ணீர் வடியாவிட்டால் பூட்டுத் திருகு துருப்பிடித்து இறுகிவிடும். அடுப்படியில் காயவைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பூட்டு வளைந்துவிடும்.