மூன்று இலட்சமும் ஒரு சனிக்கிழமையும்

கேள்வி: வங்கியிலிருந்து ஓய்வுபெற்று, திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். கனடாவிலுள்ள என் தம்பி, மூதூருக்கு அப்பாலுள்ள சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்புக்கென மூன்று இலட்சம் ரூபாய் அனுப்பியிருக்கிறார். நூறு பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்கி, விழா வைத்துக் கொடுத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நானும் ஏதாவது செய்ய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?
- வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகப்பை வீண்பொருள் அல்ல. ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு பை கிடைத்த பிள்ளை, கொம்பாஸ் பெட்டி இல்லாமல் கணித பாடத்தில் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். இலவசக் கல்வி 1945 இலும், இலவசப் பாடநூல் 1980 இலும், சீருடைத் துணி 1993 இலும் வந்துவிட்டன. இன்னும் பல வீடுகளின் தலையில் விழுபவை அப்பியாசக் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, காலைச் சாப்பாடு ஆகியவைதான். 2022 பொருளாதார நெருக்கடியில் கொப்பி விலை ஏறியபோது, போன ஆண்டுக் கொப்பியின் எஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்த தாய்மார் பலர். எந்தப் பிள்ளைக்கு எது இல்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அதிபரைச் சந்தித்துக் கேளுங்கள். பொருளாகக் கொடுப்பதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகப் பற்றுச்சீட்டுடன் கொடுங்கள். மேடையும் பெயர் அழைப்பும் வேண்டாம்.

எனினும் உங்களிடமிருந்து நான் கேட்பது பணத்தைவிட நேரத்தையே. கரையோரக் கிராமமொன்றில் சில காலம் வாசிப்பு வகுப்பு நடத்தினேன். தரம் 6 சிறுமி ஒருத்தி தமிழ்ப் புத்தகத்தின் முதற்பாடத்தைத் தடங்கலின்றி வாசித்தாள். பாராட்டிவிட்டு, அதே பக்கத்தின் நடுவிலிருந்த ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினேன். அவள் விரல் முதல் வரிக்குப் போய், அங்கிருந்து முணுமுணுத்தபடி நகர்ந்து, அந்தச் சொல்லில் வந்து நின்றது. பாடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம், எழுத்துத்தான் தெரியவில்லை.

இதற்குப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2006 இல் போரினால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் ஏறக்குறைய பத்தாண்டுகள் வளர்ந்த பிள்ளைகளே இன்று அங்கே தாய் தகப்பன்மார். தமது படிப்பு இடையில் அறுந்துபோன அவர்களிடம், இரவில் பிள்ளையை இருத்திப் பாடம் சொல்லிக் கொடுக்கும்படி நாம் எப்படிக் கேட்பது? தரம் 11 முடிவில் வரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் (C) இருந்தால்தான் பொதுவாக உயர்தரத்துக்குப் போகலாம். தரம் 6 இல் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அந்தக் கதவு அப்போதே பாதி மூடிவிடுகிறது.

ஆகவே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புத் தொடங்காதீர்கள். அதற்கு ஆட்களும் பதாகைகளும் ஏற்கெனவே ஏராளம். தரம் 3 முதல் 7 வரை, வாசிப்பில் பின்தங்கிய பதினைந்து பிள்ளைகள் போதும். அதிபரின் அனுமதியை எழுத்தில் பெற்று, வீட்டில் அல்லாமல் பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ, இன்னொருவரையும் உடன் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நடத்துங்கள். ஆற்றைக் கடக்கும் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) துறையில் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. 2009 இல் கிண்ணியாப் பாலமும் பின்னர் அவ்வழியிலுள்ள மற்றப் பாலங்களும் திறந்துவிட்டதால், காலையில் மூதூர் பஸ் ஏறினால் பின்னேரம் வீடு திரும்பலாம்.

மூன்று இலட்சத்தை மாதம் இருபத்தையாயிரமாகப் பிரித்தால் ஓராண்டுக்கு வரும். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் அவ்வூர்ப் பிள்ளைகள் இருவருக்குக் கொடுப்பனவு வழங்கி, வார நாட்களில் வகுப்பைத் தொடரச் செய்யலாம். மிச்சத்தில் கொப்பியும் ஆளுக்கொரு பணிஸும் வாங்கலாம். நீங்கள் வராத வாரத்திலும் வகுப்பு நடப்பது அவர்களால்தான்.

தம்பிக்கு இதை விளங்கப்படுத்துவது சற்றுக் கடினம். விழாப்படத்தைச் சொந்தக்காரருக்குக் காட்டும் ஆசை அவருக்கும் இருக்கும், அதில் குற்றமில்லை. பிள்ளைகளின் முகங்களை அனுப்பாதீர்கள். முதல் சனிக்கிழமை ஒரு பிள்ளை எழுதிய சொல்வதெழுதல் தாளையும், ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை எழுதியதையும் படமெடுத்து, பெயரை மறைத்து அவருக்கு அனுப்புங்கள்.