பேர்மிட் காணியில் அரசின் பிடி எப்போது விடும்? கேள்வி பதில்

இலங்கையில் அரச காணியை அளிப்பாகவோ (நிபந்தனையோடு உரிமை தரும் பத்திரம்) அனுமதிப்பத்திரமாகவோ (பேர்மிட், அதாவது காணியைப் பயன்படுத்தத் தரும் அனுமதி) பெற்றவர்களுக்கு அதை முழு உரிமையாக்கி, அரசு தன் மிச்சப் பாத்தியதையைக் கைவிட வேண்டும் என்ற பேச்சு இருபது வருடமாக ஓடுகிறது. அதுபற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, காணிக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் குழுவின் மூத்தவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, அப்பாவின் பெயரில் அளிப்புப் பத்திரம் இருக்கிறது. ஜனாதிபதியே கையெழுத்து வைத்தது. பிறகு ஏன் விற்பதற்கு டி.எஸ். (பிரதேச செயலாளர்) கந்தோரில் போய் நிற்க வேண்டும்?

தம்பி, பத்திரத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் நிபந்தனைகள் வரும் இடத்தைத் தேடிப் படியுங்கள். பிரதேச செயலாளரின் முன் சம்மதம் இல்லாமல் கைமாற்றக் கூடாது, இந்த அளவுக்குக் கீழே துண்டு போடக் கூடாது என்று வரிசையாக இருக்கும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்த அளிப்பு எல்லாமே இப்படித்தான். சம்மதம் இல்லாமல் எழுதிய உறுதிப்பத்திரம் செல்லாது. அப்படி ஒரு உறுதியை அத்தாட்சிப்படுத்த நொத்தாரிசுக்கும் அதிகாரம் இல்லை. நிபந்தனை மீறினால் விசாரணை வைத்து ரத்துச் செய்யவும் வழி இருக்கிறது, ரத்தானால் காணி திரும்ப அரசுக்குத்தான். காணி உங்களுடையதுதான், ஆனால் அரசு முழுதாகக் கையை எடுக்கவில்லை. அந்த மிச்சக் கையைத்தான் எடுக்கச் சொல்லிக் கேட்கிறோம்.

கேள்வி (வவுனியா): கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டு எதற்கு இந்தக் கட்டுப்பாடு? வெள்ளைக்காரன் புத்தியா?

பாதிதான் வெள்ளைக்காரன். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவன் கொண்டுவந்தது. ஆவணம் காட்ட முடியாத காடு, தரிசு நிலமெல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் நாட்டின் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அரசிடம் இருப்பதற்கு அடி அங்கேதான்.

1935 சட்டம் வேறு கதை. 1927இல் அமைத்த காணி ஆணைக்குழுவின் யோசனையில் பிறந்தது, டி.எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்து நிறைவேற்றியது. அவர்களின் பயம் வட்டிக்காரன். ஏழைக் கமக்காரனுக்கு முழு உரிமையோடு காணி கொடுத்தால் ஒரு வெள்ளம், ஒரு கலியாணம், ஒரு வழக்கு போதும், காணி கடன்காரன் கைக்குப் போய்விடும் என்று நினைத்தார்கள். அதனால்தான் விற்பனைக்குப் பூட்டு, ஈட்டுக்குப் பூட்டு, துண்டாடப் பூட்டு. ஈடு வைப்பதென்றால் சட்டம் அனுமதித்த நிறுவனங்களிடம் மட்டும். பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று தலைமுறை கழித்தும் அதே பூட்டா என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

கேள்வி (முல்லைத்தீவு): அண்ணை, பேர்மிட் காணி ஒன்றை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி 15 வருடமாகிறது. கிணறு வெட்டி, வீடும் கட்டியாயிற்று. பத்து வருடம் ஆண்டால் உரிமை வரும் என்கிறார்களே?

அந்தப் பத்து வருடம் தனியார் காணிக்கு. அரச காணியில் ஆட்சியுரிமை ஓடாது, 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்திலேயே அரசுக்கு விலக்கு இருக்கிறது. சரியாகச் சொன்னால் உங்கள் வெள்ளைத்தாள் உங்களுக்கு எதிரான சாட்சி. பேர்மிட்காரர் நிபந்தனை மீறினார் என்பதற்கு அதுவே போதும். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால் நீதவான் நீதிமன்றத்தில் வாதாட மிகக் கொஞ்ச இடந்தான் இருக்கும். அப்படி ஒன்று வருமுன் நீங்களே டி.எஸ். கந்தோருக்குப் போய், இருப்பைச் சொல்லி, முறைப்படுத்தக் கேளுங்கள். பழைய பேர்மிட்காரரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் மெத்த நல்லது.

கேள்வி (திருகோணமலை): 2003இல் எல்லாருக்கும் சொந்தமாக்கும் சட்டம் வந்ததே, அது எப்படிக் கவிழ்ந்தது?

நல்ல கேள்வி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். காணி உரிமைச் சட்டமூலம் என்று வந்தது. அளிப்பு வைத்திருந்தவர்களை நிபந்தனை இல்லாத முழு உரிமையாளர் ஆக்குவதுதான் நோக்கம். உயர் நீதிமன்றத்தில் எதிர்த்துப் போனார்கள். நீதிமன்றம் நோக்கம் கூடாது என்று சொல்லவில்லை, வந்த வழி பிழை என்றது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி காணி மாகாண சபை நிரலில், அதாவது சபைகளுக்கு ஒப்படைத்த விடயங்களின் பட்டியலில், இருக்கிறது. அரச காணியை ஒருவருக்குப் பாராதீனப்படுத்துவது (கைமாற்றிக் கொடுப்பது) ஜனாதிபதிதான், ஆனால் அந்த மாகாண சபையின் ஆலோசனைப்படி. ஆகவே இப்படியொரு சட்டமூலத்தை முதலில் ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்கவில்லை, அத்தோடு நின்றது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சில சபைகள் சம்மதித்து, சில மறுத்தால் என்ன நடக்கும்? பாராளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றினால் சம்மதித்த மாகாணங்களுக்கு மட்டுமே சட்டம் செல்லும். எல்லா இடத்துக்கும் வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை. அதாவது குருநாகலில் காணி முழு உரிமையாகி, கிளிநொச்சியில் பழைய நிபந்தனையோடேயே கிடக்கும் நிலைமை சட்டத்திலேயே சாத்தியம்.

கேள்வி (அதே உறுப்பினர்): இப்போது சபையே இல்லையே ஐயா, யாரிடம் கேட்பது?

அதுதான் முடிச்சு. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர் இருக்கிறாரே என்பீர்கள். 2012இல் திவிநெகும என்ற வாழ்வாதாரத் திட்டத்துக்கான சட்டமூலத்தில் இதே கேள்வி வந்தபோது ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காணி உரிமை தருகிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் மாகாண சபைத் தேர்தலைப் பற்றிப் பேசாமல் போனால் எனக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி (அனுராதபுரம்): 2024இல் "உரித்து" என்று கொடுத்த உறுதி எங்கள் பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது. அது முழு உரிமைதானே?

2024 பெப்ரவரி 5ஆம் திகதி தம்புள்ளையில் 10,000 உறுதிகளோடு ஆரம்பித்த திட்டம். 20 லட்சம் பேருக்குக் கொடுப்போம் என்றது அன்றைய அரசு. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று பார்க்கச் சொல்லுங்கள்: உறுதியின் தலைப்பில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது, கீழே நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று. 1935 சட்டமா, 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டமா என்பதில் விஷயம் இருக்கிறது. படத்தில் யார் கையால் வாங்கினார் என்பதில் இல்லை. பிறகு காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்பதையும் பார்க்கட்டும்.

கேள்வி (செட்டிகுளம்): நான் மூத்த மகள். தம்பிக்குத்தான் காணி என்று வீட்டில் சொல்கிறார்கள். சட்டம் அப்படியா?

இருந்தது மகளே. பின்னுரித்தாளர் (காணிக்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்று குறித்தவர்) பெயர் போடாவிட்டால் மகன்மாரே முதலில் என்று 1935 சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொன்னது. 2022 திருத்தம் அதை எடுத்தது, இப்போது ஆண் பெண் வேறுபாடில்லை. பெயர் போட்டிருந்தால் அந்தப் பெயர்தான், அதனால் முதலில் அதைப் பாருங்கள். அம்மா உயிரோடிருந்தால் அவர் காலம்வரை அவருக்கு, ஆனால் மறுமணம் செய்தால் அவருக்கு உரிமை போய்விடும். அந்த விதி எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

கேள்வி (ரொறன்ரோ): முழு உரிமையானால் அப்பாவின் காணியை நாங்கள் இங்கிருந்து வாங்கலாமா?

இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் தடையில்லை. கனடா கடவுச்சீட்டு மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும், வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்ற முடியாது. அப்பா நன்கொடையாகவோ மரண சாசனத்தாலோ நெருங்கிய உறவுக்குக் கொடுப்பதற்கு விலக்கு இருக்கிறது. நல்ல சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிச் செய்யுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): உங்கள் மனதில் என்ன? விடுவிப்பது நல்லதா?

நல்லது, ஆனால் எல்லாரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல. வங்கிக் கடன் கிடைக்கும் என்கிறார்கள். கடனைக் கட்டத் தவறினால் ஏலம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, யாரும் வாய் திறக்காதது: 1935 சட்டத்துக்கு வெளியே முழு உரிமைக் காணியாக வந்தவுடன் அவரவர் வழக்கச் சட்டம் வந்து உட்காரும். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை. கலியாணம் கட்டிய பெண் தன் அசைவற்ற சொத்தை விற்கப் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். டி.எஸ்.ஸின் சம்மதத்திலிருந்து தப்பி, புருஷனின் சம்மதத்தில் போய் மாட்டுவதா? முழு உரிமைச் சட்டம் எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வாசகத்தில் தீர்க்க வேண்டும்.

அமெரிக்காவின் 480 மில்லியன் டொலர் எம்.சி.சி. (மிலேனியம் சவால் கூட்டுத்தாபனம்) உதவி உடன்படிக்கையிலும் ஒரு காணிப் பகுதி இருந்தது. காணியெல்லாம் அந்நியருக்குப் போய்விடும் என்று ஊரெல்லாம் கத்தினார்கள், 2020 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. கத்தியவர்களில் அளிப்புப் பத்திரத்தின் நிபந்தனையை வாசித்தவர்கள் எத்தனை பேரோ.

கேள்வி (மாங்குளம்): விடுவித்தால் நிலத்துக்குள் இருக்கும் மணலும் கல்லும்?

கனிப்பொருள் அரசுக்கே, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். தனியார் காணியிலும் அதே.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2009இல் பேர்மிட் தொலைந்துவிட்டது. சட்டம் வரும்போது எதைக் காட்டுவது?

இப்படிக் கேட்கும் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் கையில் இருந்த தாள் தொலைந்தாலும் டி.எஸ். கந்தோரில் பேர்மிட் லெட்ஜர் என்ற புத்தகம் உண்டு. அதில் பெயர், காணித் துண்டின் இலக்கம், பின்னுரித்தாளர் பெயர் இருக்கும். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேளுங்கள், கொடுத்ததற்குத் தேதி முத்திரை வாங்குங்கள். லெட்ஜரும் அழிந்த இடங்களில் நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடம், ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், கட்டிய வருடாந்தப் பணத்தின் பற்றுச்சீட்டு எதுவானாலும் சேர்த்து வையுங்கள். பின்னுரித்தாளர் கட்டம் வெறுமையாக இருந்தால் இந்த மாதத்திலேயே நிரப்புங்கள். சட்டம் இன்று வந்தாலும் நாளை வந்தாலும் முதலில் புரட்டப் போவது அந்தப் பக்கத்தைத்தான்.