‘சரிபார்த்தாயிற்று’ என்ற ரிப்போர்ட்டை நம்பலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் பி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். மாட்டுத்தாவணி பஸ்களுக்கு சீட் பதிவு செய்வது என் ப்ராஜெக்ட். இரண்டு கவுன்டர் சேர்ந்து ஓடினால் எப்போதாவது அப்படியே நின்றுவிடுகிறது. ப்ராஜெக்ட் சென்டரில் ‘சிஎஸ்பி முறையில் சரிபார்த்தாயிற்று’ என்று ரிப்போர்ட் தந்திருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. ரிப்போர்ட் பொய்யாக இராது. உங்கள் சிக்கலை அது தொடவே இல்லை.

சிஎஸ்பி என்பது சேர்ந்து ஓடும் நிரல்களின் போக்கைக் கணிதமாக எழுதும் முறை. அப்படி எழுதியதைச் சோதிக்கும் கருவி எஃப்டிஆர். அதன் ஸ்கிரிப்டைத் திறந்து, சோதனை வரியில் சமக்குறிக்கு முன்னால் என்ன எழுத்து என்று பாருங்கள். ‘டி’ மட்டும் இருந்தால் அது டிரேஸ் சோதனை. நடந்த காரியங்களின் வரிசை, அனுமதித்த வரிசைகளுக்குள் அடங்குகிறதா என்பதோடு அதன் வேலை முடிந்தது. எதுவுமே செய்யாமல் நிற்கும் ‘ஸ்டாப்’ கூட அதில் பாஸாகிவிடும்! சென்டர்காரர்கள் இதை ஓட்டி, பிரின்ட் எடுத்து, பைண்டிங் போட்டுக் காசு வாங்குகிறார்கள். தேர்வில் டெட்லாக்குக்கு, அதாவது ஒன்றுக்கொன்று காத்து எல்லாமே நின்றுபோவதற்கு, வரையறை எழுதினால் மார்க் உண்டு. ஒரு நிரலைக் கொடுத்து எங்கே நிற்கும் என்று கல்லூரித் தேர்வில் பெரும்பாலும் கேட்பதில்லை. பிறகு அவர்கள் கடை ஏன் ஓடாது?

‘டி’ இருந்த இடத்தில் ‘எஃப்டி’ போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிரல் எதையெல்லாம் மறுக்கக்கூடும் என்பதையும் அது பார்க்கும். 1984-இல் ப்ரூக்ஸ், ஹோர், ராஸ்கோ என்ற கணினி அறிஞர்கள் மூவரும் ‘மறுப்பு’களைக் கணக்கில் சேர்த்தது இதற்காகத்தான். டெட்லாக் சோதனை வரியையும் தனியாக எழுதுங்கள்.

பூட்டு என்பது ஒரு நேரத்தில் ஒரு கவுன்டர் மட்டும் தொடும்படி காப்பது. பூட்டுகளையும் ப்ராசஸாக, அதாவது தனியாக ஓடும் பகுதியாக, எழுதியிருக்கிறதா பாருங்கள். கவுன்டரை மட்டும் எழுதிப் பூட்டை விட்டுவிட்டால் டெட்லாக் தலைகாட்டவே காட்டாது. ஒரு கவுன்டர் சீட் பூட்டு, பணப் பூட்டு என்றும் மற்றது தலைகீழாகவும் எடுத்தால், ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டும் காத்துக் கிடக்கும். உங்கள் நிரலிலும் பெரும்பாலும் இதுதான். ஆளுக்கு 4 படி என்றாலே அவை பின்னிக்கொள்ளும் வரிசைகள் 70 வரை போகும், மூன்று கவுன்டருக்கு 34,650 வரை. கையால் ஓட்டிப் பார்த்தால் சிக்குமா? எல்லாக் கவுன்டரும் ஒரே வரிசையில் பூட்டை எடுக்கட்டும்.

ஒரு விலக்கு, இதில் பலரும் ஏமாறுகிறார்கள். கவுன்டர் வேலை முடிந்து ஒழுங்காக நிற்கும் இடத்திலும் ‘ஸ்டாப்’ என்று எழுதியிருந்தால் கருவி டெட்லாக் என்றே சொல்லும். ஒழுங்கான முடிவுக்கு ‘ஸ்கிப்’ எழுத வேண்டும். எல்லாக் கவுன்டரும் ‘ஸ்கிப்’பில் முடிந்தும் பூட்டு மட்டும் ஓயாமல் அடுத்த ஆளுக்குக் காத்திருந்தால் அப்போதும் டெட்லாக்தான் வரும். அதனால் பூட்டுக்கும் முடியும் வழி கொடுங்கள், அல்லது கவுன்டரை முடிவில்லாமல் திரும்ப ஓடவிடுங்கள். இதைச் செய்த பிறகும் டெட்லாக் என்று வந்தால் அதுதான் நிஜம். கருவி காட்டும் நிகழ்வு வரிசையை அப்படியே வைவாவுக்கு எடுத்துப் போங்கள்.